டப்ளினிலிருந்து கில்கென்னி போவது எப்படி? ஊரைச் சுற்ற கார் வேண்டுமா?

அயர்லாந்து நகரமான கில்கென்னிக்கு விமானம் கிடையாது. டப்ளினில்தான் இறங்க வேண்டும். டப்ளின் விமான நிலையத்துக்கு ரயிலும் இல்லை. பேருந்து பிடித்து டப்ளின் நகரின் ஹூஸ்டன் ரயில் நிலையம் வந்து, வாட்டர்ஃபோர்ட் போகும் ரயிலில் ஏறுங்கள். சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். இடம் பிடித்து அசந்து தூங்கிவிடாதீர்கள்: கில்கென்னியில் ரயில் வந்த பக்கமே திரும்பிக் கிளம்பி, வாட்டர்ஃபோர்ட் போய்விடும்!

ஊருக்குள் கார் வெறும் சுமைதான். நிலையத்திலிருந்து நோர் ஆற்றைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் கோட்டை. அங்கிருந்து செயின்ட் கேனிஸ் பேராலயம் வரை 'மெடீவல் மைல்' (இடைக்கால மைல்) என்ற நடைபாதை. வழியில் பட்டர் ஸ்லிப் என்ற குறுகலான சந்துக்குள் நுழைந்து பாருங்கள். பேராலயத்தை ஒட்டிய வட்டக் கோபுரத்தில் ஏறலாம், ஆனால் உள்ளே படிகள் ஏணி மாதிரி செங்குத்து. முட்டிவலிக்காரர்கள் கீழேயே நிற்கலாம். டன்மோர் குகை ஊருக்கு வெளியே இருக்கிறது. அதற்கு மட்டும் டாக்சி எடுங்கள்.