மீன் வண்டிக்கு எந்த லைனர்?

கேள்வி: புது பொலேரோ பிக்கப்பில் மீன் பெட்டி ஏற்றுகிறேன். லோடு பாடிக்கு பிளாஸ்டிக் லைனர் (உள்ளே தனியாகப் பொருத்தும் உறை) வைக்கலாமா, ஸ்ப்ரே கோட்டிங் அடிக்கலாமா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: தயங்காமல் ஸ்ப்ரே கோட்டிங் அடியுங்கள். பிளாஸ்டிக் லைனருக்கு அடியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் புகுந்து தேங்கும். வண்டி குலுங்கக் குலுங்க லைனர் பெயிண்டைத் தேய்த்துவிடும். துரு பிடிப்பது வெளியே தெரியாது. தெரியவரும்போது தகடு ஓட்டையாகியிருக்கும்.

ஸ்ப்ரேயாக அடிக்கும் பாலியூரியா கோட்டிங் (ரப்பர் போன்ற கெட்டியான பூச்சு) தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் பூச்சைவிட அடிவேலைதான் முக்கியம். பெயிண்டின் பளபளப்பு போகும்வரை உப்புத்தாள் தேய்த்து, தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாமல் தின்னரால் துடைத்து, காய்ந்த பிறகே அடிக்க வேண்டும். கூடவே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் அவசரப்பட்டால் ஓரத்திலிருந்து தோலாக உரிந்து வரும். கோட்டிங் அடிக்கும் முன், தண்ணீர் வடியும் துளைகளை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள், அடைபட்டால் மறுபடி தண்ணீர் தேங்கும்.

பெட்டி வழுக்கினால் மேலே ரப்பர் மேட் போடலாம். லோடு இறக்கியதும் அதைத் தூக்கி, அடியிலும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.