நத்தையை ஒழிக்க இன்னொரு நத்தையா?

கேள்வி: ஐயா, அரை ஏக்கரில் கத்தரியும் வெள்ளரியும் நட்டேன். மழை விட்ட நாலே நாளில் உள்ளங்கை அளவு நத்தைகள் வந்து குருத்தை எல்லாம் தின்றுவிட்டன. நத்தையைத் தின்னும் நத்தை ஒன்று இருக்கிறதாம். அதை வாங்கி விடலாம் என்கிறார் நண்பர். இல்லாவிட்டால் விஷக் குருணையை வயல் முழுக்கத் தூவலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். அந்த நத்தையை யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உங்கள் வயலுக்கு வந்திருப்பது ஆப்பிரிக்க ராட்சத நத்தையாகத்தான் இருக்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி உலகம் முழுக்கப் பரவிப் பயிரை நாசமாக்கும் நத்தை இது. உங்கள் நண்பர் சொன்ன யோசனையை அரசாங்கங்களே செய்து பார்த்திருக்கின்றன. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் வாழும், நத்தை தின்னும் ஓநாய் நத்தையை 1955-இல் ஹவாயிலும், 1974-இல் பசிபிக் கடலில் உள்ள தாஹிட்டித் தீவிலும், 1977-இல் பக்கத்துத் தீவான மூரியாவிலும் விட்டார்கள். அது ராட்சத நத்தையை ஒழிக்கவில்லை. தாஹிட்டி, மூரியா காட்டு மரங்களில் யாருக்கும் தொந்தரவில்லாமல் வாழ்ந்த, விரல் நகம் அளவே உள்ள பார்டுலா நத்தைகளைச் சளித்தடம் பிடித்துப் போய்த் தின்றது. மூரியாவுக்கே உரிய ஏழு வகைகளும் பத்தே ஆண்டில் காட்டிலிருந்து மறைந்தன. அதற்குள் சிலவற்றைப் பிடித்துப் போய் உயிரியல் பூங்காக்களில் வளர்த்ததால்தான், 2015 முதல் அவற்றின் வாரிசுகளை அந்தத் தீவுகளில் மறுபடி விட முடிகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

சரி, குருணை? அதில் இருக்கும் மெட்டால்டிஹைடு என்ற விஷம் நத்தையைக் கொல்லும். அந்தக் குருணையைத் தின்ற நாயும் செத்துப்போகும். நத்தை பிடிக்க வரும் செம்போத்துக்கும் ஆபத்து. வேலியோரம் காய்ந்த இலையைப் புரட்டிப் பாருங்கள், மிளகு அளவில் சின்னச் சின்ன நத்தைகள் தெரியும். பெரும்பாலும் மக்கிய இலையைத் தின்பவை, உங்கள் பயிருக்கு வராது. மின்மினியின் புழுக்களுக்கு நத்தைதான் இரை. வயல் முழுக்கத் தூவினால் இவையும் போய்விடும். தவிர்க்கவே முடியாவிட்டால், மெட்டால்டிஹைடுக்குப் பதில் இரும்பு பாஸ்பேட் கலந்த குருணையை நாற்றங்காலைச் சுற்றி மட்டும் போடுங்கள்.

உண்மையில் பலன் தருவது கைவேலைதான். சாயங்காலம் ஈரச் சாக்குகளை வரப்போரம் விரித்து, அடியில் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ வையுங்கள். விடிந்ததும் சாக்கைத் தூக்கினால் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒட்டுண்ணிப் புழுவை இந்த நத்தை சுமக்கும். அது மனிதருக்குப் போனால் மூளை உறையில் அழற்சி வரும். பிடித்ததை உப்புக் கரைசல் வாளியில் போட்டு, செத்தபின் வயலுக்கு வெளியே ஆழமாகப் புதையுங்கள். அந்தத் தண்ணீரை வயலில் ஊற்றிவிட வேண்டாம், மண் கெட்டுவிடும்.

முட்டையை விட்டுவிட்டால் பிடித்ததெல்லாம் வீண். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எல்லாமே முட்டையிடும். ஒரு தடவைக்கு நூற்றுக்கு மேல்கூட இடும். வரப்பின் ஈர மண்ணைக் கிளறினால், பட்டாணியைவிடச் சிறிதாக, மஞ்சள் கலந்த வெள்ளை உருண்டைகள் குவியலாகக் கிடக்கும். அவற்றையும் அதே வாளியில் போடுங்கள்.

தண்ணீரைக் காலையில் பாய்ச்சுங்கள். இரவில் மண் ஈரமாக இருந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். கோடையில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு கல்லிடுக்கில் தூங்கும், அப்போது பொறுக்குவது சுலபம். அப்புறம், பக்கத்து வயல்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் பிடித்தால் அடுத்த மழைக்கு அங்கிருந்து வந்துவிடும்.