ஃபார்மேட் வேண்டாம், ஷிஃப்டை அழுத்துங்கள்

கேள்வி: தாராவியில் சின்னதாக அச்சகம் நடத்துகிறோம். பழைய கல்யாணப் பத்திரிகை ஃபைல்கள் எல்லாம் மேக் ஓஎஸ் 9 உள்ள ஒரு பவர் மேக்கில், பேஜ்மேக்கரில் இருக்கின்றன. இப்போது ஆன் செய்தால் திரையின் அடியில் ஐகான்கள் வரிசையாக வரும்போதே நின்றுவிடுகிறது. லேமிங்டன் ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் ஃபார்மேட் பண்ணச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகர், தாராவி, மும்பை

பதில்: தயவுசெய்து ஃபார்மேட் பண்ண விடாதீர்கள். ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன்தான், அதாவது மெஷின் ஆன் ஆகும்போது சிஸ்டத்தோடு சேர்ந்து ஏறும் ஒரு துணை புரோகிராம்தான், முரண்டு பிடிக்கிறது என்று நினைக்கிறேன். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஆன் செய்யுங்கள். எக்ஸ்டென்ஷன் எதுவும் ஏறாமல் மெஷின் திறக்கும். திறந்தால் சந்தேகம் உறுதி. முதல் வேலையாக ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். திரையில் எழுத்து ரம்பப் பல்லாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். எழுத்தை வழவழப்பாகக் காட்டும் ஏடிஎம் (அடோபி டைப் மேனேஜர்) ஏறாததால் அப்படி.

அப்புறம் ரீஸ்டார்ட் செய்து, ஸ்பேஸ் பாரை அழுத்தியே வைத்திருங்கள். எக்ஸ்டென்ஷன்ஸ் மேனேஜர் வரும். 1994இல் சிஸ்டம் 7.5 வந்ததிலிருந்து மேக் ஓஎஸ் 9 வரை இது மேக்கோடு சேர்ந்தே வந்தது. அதில் ‘பேஸ்’ (Base) என்று முடியும் செட்டைத் தேர்ந்தெடுத்தால் ஆப்பிளின் அடிப்படைச் சாமான்கள் மட்டும் ஏறும். அதில் ஓடுகிறதா? சரி, அந்த செட்டை டூப்ளிகேட் செய்து, மற்றவற்றில் பாதியை டிக் செய்து பாருங்கள். நின்றால் கோளாறு அந்தப் பாதியில். நிற்காவிட்டால் மறு பாதியில். இப்படியே பாதி பாதியாகக் குறைத்தால், நாற்பது இருந்தாலும் ஐந்தாறு ரீஸ்டார்ட்டில் ஆள் அகப்படும். இரண்டு எக்ஸ்டென்ஷன்கள் தங்களுக்குள் மோதினால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக அலைய வேண்டியிருக்கும்.

கடைசியாகத் தெரிந்த ஐகான்தான் குற்றவாளி என்று பலரும் அதைத் தூக்கிக் குப்பையில் போடுகிறார்கள். அது நல்லபடியாக ஏறி முடித்ததாக இருக்கலாம். மாட்டிக்கொண்டது அதற்கு அடுத்தது, அல்லது ஐகானே காட்டாத ஒன்று. எதையும் அழிக்க வேண்டியதில்லை. டிக்கை எடுத்தால் அது டிஸேபிள்ட் ஃபோல்டருக்குப் போய் அப்படியே இருக்கும்.

எக்ஸ்டென்ஷன்கள் ஏறுவது அகரவரிசையில். அவற்றுக்குப் பிறகு கன்ட்ரோல் பேனல்கள் (செட்டிங் மாற்றும் சின்ன புரோகிராம்கள்). ஏடிஎம்மின் பெயருக்கு முன்னால் ஒரு நெளிகோடு (~) இருக்கும், பாருங்கள். கடைசியில் ஏறவேண்டும் என்றே வைத்தது. பெயரைத் திருத்தாதீர்கள்.

ஷிஃப்ட் அழுத்தியும் திறக்கவில்லையா? அப்போது எக்ஸ்டென்ஷனை விட்டுவிடுங்கள். சிஸ்டம் சிடியைப் போட்டு, சி கீயை அழுத்தி ஆன் செய்து, டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் டிஸ்க் ஃபர்ஸ்ட் எய்ட் ஓட்டிப் பாருங்கள்.