கோவைக் கருத்தரங்கு கணக்கில் சேருமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் பிசிஷியன் அசிஸ்டென்ட் (டாக்டர்களோடு சேர்ந்து சிகிச்சை தருபவர்). லீவில் வந்தவள் கோவையில் 6 மணி நேர மருத்துவக் கருத்தரங்குக்குப் போனாள். லைசென்ஸ் புதுப்பிக்க அது உதவுமா?
– வாசகி, பெருந்துறை

பதில்: உதவும் அம்மா, ஆனால் முழுசாக இல்லை. தேசியச் சான்றிதழைத் தக்கவைக்க 2 ஆண்டுக்கு 100 கிரெடிட் (தொடர் மருத்துவப் படிப்புக்கான புள்ளி) வேண்டும். அதில் குறைந்தது 50 கிரெடிட் முதல் வகையாக இருக்கணும். அந்த வகைக்கு, சான்றிதழ் தரும் அமைப்பு ஏற்கும் அங்கீகாரம் பெற்ற பயிற்சியே செல்லும். நம் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் கிரெடிட் தானாக அதில் சேராது. இந்த 6 மணியை இரண்டாம் வகையில், மணிக்கு ஒரு கிரெடிட்டாக எழுதலாம். படித்தும் பதிவு செய்யாமல் விட்டால் கணக்கில் சேராது. அந்த 2 ஆண்டு முடியும் டிசம்பர் 31தான் கெடு. சான்றுத்தாளை பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், தணிக்கைக்குக் கேட்கலாம். மாநில லைசென்ஸ் விதி தனி, அதையும் பார்க்கட்டும்.