வரவு மட்டும் எழுதிய பேரேடு

அன்புள்ள ஐயா,

எங்கள் அம்மானுக்கு வரும் தை மாதம் மணிவிழா. அவர் நோயெதிர்ப்பியல் விஞ்ஞானி. வடக்கே ஓர் அரசு ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காசநோய்க் கிருமியை உடல் எப்படி எதிர்கொள்கிறது என்று ஆராய்ந்தவர். விழா மலரைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அவருடைய ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிட்டால் 38தான் வருகிறது. பங்காளி வீட்டில் பொறியியல் பேராசிரியர் ஒருவர் 210 கட்டுரைகள் எழுதியிருக்கிறார். மலரைப் பார்ப்பவர்கள் ஒப்பிட்டுப் பேசுவார்கள் என்று அஞ்சுகிறேன். கருத்தரங்குகளில் வாசித்த சுருக்கங்களையும் சேர்த்தால் 90ஐத் தாண்டும், சேர்க்கலாமா? பல கட்டுரைகளில் அவர் பெயர் கடைசியில் இருக்கிறது. அவற்றைப் பின்னால் தள்ளிவிடலாமா? ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை) போடலாமா? பட்டியல் தமிழிலா, ஆங்கிலத்திலா? இன்னொன்று: 2009க்கும் 2015க்கும் இடையில் ஒரு கட்டுரைகூட இல்லை. அவரிடம் கேட்டதற்கு, “அந்த ஆறு வருஷமும் ஒன்றும் வரவில்லை, விட்டுவிடு” என்று சிரித்தார். அந்த இடைவெளி துருத்திக்கொண்டு தெரியாமல் எப்படி நிரப்புவது?

(பெயர் வெளியிட வேண்டாம்)
தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் கடைசியாக எழுதிய வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கு வருவதற்கு முன் மற்றவற்றை முடித்துவிடுகிறேன்.

கருத்தரங்குச் சுருக்கங்களைச் சேர்க்கக் கூடாது. நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் சாமான் பரப்பும்போது தூக்குச்சட்டியை ஒன்றென்றும் அதன் மூடியை இன்னொன்றென்றும் எண்ணிப் பட்டியலில் ஏற்றினால் சம்பந்தி வீட்டார் முன்னால் என்ன பெயர் கிடைக்குமோ, அதே பெயர்தான் இதற்கும் கிடைக்கும். கருத்தரங்கில் வாசித்த சுருக்கம் பெரும்பாலும் பிற்பாடு முழுக் கட்டுரையாக வந்திருக்கும், அல்லது வராமலே போயிருக்கும். வந்திருந்தால் ஒன்றை இரண்டாக எண்ணுகிறீர்கள், வராமல் போயிருந்தால் முடியாத வேலையை முடிந்ததாகக் காட்டுகிறீர்கள். முப்பது ஆண்டு ஒழுங்காகக் கணக்கு எழுதிய மனிதருக்கு, அவர் மணிவிழாவிலேயே பொய்க்கணக்கு எழுத மருமகப்பிள்ளைக்கு எப்படித் துணிச்சல் வந்தது?

பெயர் கடைசியில் இருப்பதைப் பற்றி நீங்கள் வருந்தியிருப்பது எனக்குச் சிரிப்பையே தந்தது. உயிரியல் துறைகளில் மேசையில் நின்று வேலை செய்தவருடைய பெயர் பெரும்பாலும் முதலில் வரும்; கேள்வியை எழுப்பி, பணம் திரட்டி, அந்த ஆய்வகத்தைக் கட்டி நடத்தியவருடைய பெயர் கடைசியில் வரும். பர்மாவில் வட்டிக்கடைப் பலகைமுன் உட்கார்ந்து எழுதியவர் அடுத்தாளாக, அதாவது முதலாளிக்கு உதவியாளராக, இருப்பார், கடையின் பெயராகிய விலாசம் முதலாளியுடையதாக இருக்கும், அல்லவா? அப்படி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மானின் பெயர் முதலில் இருப்பவை அவர் இளைஞராக இருந்தபோது செய்தவை, கடைசியில் இருப்பவை அவர் மற்ற இளைஞர்களை ஆளாக்கியபோது வந்தவை. பின்னால் தள்ள நினைத்தீர்களே, அவைதான் அவருடைய விலாசம்.

இம்பாக்ட் ஃபேக்டர் வேண்டாம். அது இதழைப் பற்றிய எண், கட்டுரையைப் பற்றியதன்று. 1950களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் க்ளிக் என்ற மாணவர், கோழியின் பின்பகுதியில் இருக்கும் ‘பர்சா’ என்ற சிறு பை எதற்கு என்று அறிவதற்காகக் குஞ்சுகளிலிருந்து அதை அகற்றிப் பார்த்தார். சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் தெரியவில்லை. பிறகு சக மாணவரான சாங், வகுப்பில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க இரத்தத்தில் உருவாகும் புரதம்) உண்டாவதைச் செய்து காட்டுவதற்காக அவரிடமிருந்து கோழிகளை வாங்கிச் சென்று ஊசி போட்டபோது, பை அகற்றப்பட்ட கோழிகளில் எதிர்ப்பொருள் உண்டாகவில்லை. இதை அவர்கள் எழுதிய கட்டுரையைப் பேர்பெற்ற ‘சயன்ஸ்’ இதழ் திருப்பி அனுப்பியது. 1956இல் அது கோழி வளர்ப்புக்கான ‘பௌல்ட்ரி சயன்ஸ்’ இதழில் வெளியானது. இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும், எதிர்ப்பொருளை உண்டாக்கும் ‘பி செல்’லில் உள்ள ‘பி’ அந்தப் பர்சாவின் முதல் எழுத்து. ஊரெல்லாம் கோழியைச் செட்டிநாட்டின் பெயரில் விற்கிறார்கள். நோயெதிர்ப்பியலுக்குக் கோழி செய்த உபகாரத்தை நாமாவது நினைத்துக்கொள்வோம்.

38 குறைவா என்றால், எலியை வைத்து வேலை செய்பவருக்குக் குறைவில்லை. ஒரு மரபணு மாற்றத்தை வேறொரு எலி வம்சத்துக்குள் சுத்தமாகக் கொண்டுவர ஏறத்தாழ 10 தலைமுறை கலக்க வேண்டும். எலிக்குத் தலைமுறை என்பது சுமார் 10 வாரம். சோதனையைத் தொடங்குவதற்கு முன்பே இரண்டு ஆண்டுகள் போய்விடும். அந்த இரண்டு ஆண்டுகளில் கணினியில் வேலை செய்பவர் எத்தனையோ எழுதலாம், அவர் எழுதியதில் தவறும் இல்லை. நெல்லையும் கீரையையும் ஒரே அறுவடைக் கணக்கில் வைப்பதில்தான் தவறு. காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த வள்ளல் அழகப்பர், ஏக்கருக்கு எத்தனை கட்டுரை வரும் என்று கேட்டு வாங்கிக்கொண்டா கொடுத்தார்?

இனி அந்த ஆறு ஆண்டுகள்.

எங்கள் ஐயா பர்மாவில் ஒரு கடையில் அடுத்தாளாக இருந்துவிட்டு, போர்க் காலத்தில் ஊர் திரும்பியவர். நான் பார்த்த காலத்தில் அவருக்குக் கடையும் இல்லை, கணக்கும் இல்லை; ஆனாலும் சாயங்காலமானால் முகப்பில் கைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டின் அன்றாடக் கணக்கான சிட்டையை எழுதுவார். ஒன்பது வயதில் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். ஒருநாள் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது எட்டணாவைத் தொலைத்துவிட்டேன். பயத்தில் அதை எழுதவில்லை. வாங்கிய சாமான்களை மட்டும் வரிசையாக எழுதி நீட்டினேன். ஐயா கூட்டிப் பார்த்தார், ஐம்பது காசு உதைத்தது. அடிப்பார் என்று நின்றேன். அவரோ பேனாவை வாங்கி, “பேரன் வழியில் தொலைத்தது 0.50” என்று தம் கையால் எழுதிவிட்டு, “எந்த வழியாக வந்தாய், எந்தப் பையில் வைத்திருந்தாய்?” என்று கேட்டு அதையும் எழுதினார். பிறகு ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். மூன்று வாரத்துக்கு முன்னால் என் அத்தை நாலணா தொலைத்ததும் அதில் இருந்தது. அன்றைக்கும் அதே மஞ்சள் பை. பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அடித்தையல் ஒரு விரல் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. அத்தை தொலைத்ததை எழுதியிருக்காவிட்டால் என்னுடைய எட்டணா என் கவனக்குறைவாகவே முடிந்திருக்கும், பையும் பிரிந்தபடியே அடுத்தவர் கைக்குப் போயிருக்கும்.

விஞ்ஞானிகளின் கட்டுரைப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிட்டைதான் நினைவுக்கு வருகிறது. உலகத்தில் எந்த வியாபாரியும் ஒப்புக்கொள்ளாத ஒரு கணக்கு அது. வரவு மட்டும் இருக்கும், பற்று இருக்காது. எதிர்பார்த்தது நடந்த சோதனைகள் கட்டுரையாகின்றன. நடக்காதவை குறிப்பேட்டோடு அலமாரிக்குள் போகின்றன, ஏனென்றால் ‘ஒன்றும் வரவில்லை’ என்ற கட்டுரையை இதழ்கள் விரும்பி வாங்குவதில்லை, வாங்கினாலும் பதவி உயர்வுக் குழு அதை மதிப்பதில்லை. நான் ஒருமுறை வெளியாள் என்ற முறையில் ஒரு கல்லூரியின் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். தலைமை வகித்தவர் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்து, அங்கே இருந்த கடைசி வரிசை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடினார். அந்த மேசையில் பற்றுக் கணக்கைக் கொண்டுபோய் யார் வைப்பார்கள்? இதனால் நேர்வது என்னவென்றால், உங்கள் அம்மான் ஆறு ஆண்டுகள் நடந்து பார்த்து வழியில்லை என்று கண்ட அதே பாதையில், இன்னொரு ஊரில் இன்னொரு ஆய்வகம், இன்னும் ஆறு ஆண்டுகளையும் இன்னும் பல நூறு எலிகளையும் அரசாங்கப் பணத்தையும் கொண்டு நடந்து கொண்டிருக்கும். பை பிரிந்திருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

உங்கள் அம்மானின் துறையிலேயே, நம் மாநிலத்திலேயே, பற்றை மறைக்காமல் எழுதிய மாபெரும் கணக்கு ஒன்று உண்டு. அவர் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். நம் தோளில் வடுவாக இருக்கும் பிசிஜி தடுப்பூசியைக் கால்மெட், கேரன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1908 முதல் 1921 வரை, 13 ஆண்டுகள், மாட்டுக் காசநோய்க் கிருமியை 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்து உருவாக்கினார்கள். (அந்த 13 ஆண்டுகளையும் யாராவது நிரப்பப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.) பிரிட்டனில் 1950இல் தொடங்கிய சோதனையில் அந்த ஊசி ஏறத்தாழ 80 சதவீதப் பாதுகாப்பு தந்தது. நம் நாட்டில் அது எப்படி வேலை செய்கிறது என்று திட்டமாக அறிவதற்காக 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒரு பெருஞ்சோதனை தொடங்கியது. ஏறத்தாழ 2,80,000 பேரில் சிலருக்குத் தடுப்பூசியும் சிலருக்கு மருந்தில்லாத ஊசியும், யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டே வந்தார்கள். பிறகு ஆண்டுக் கணக்கில் வீடு வீடாகப் போய்ச் சளியைச் சோதித்தார்கள். ஏழரை ஆண்டுகளுக்குப் பின் உறையைப் பிரித்துப் பார்த்தபோது, நுரையீரல் காசநோயைப் பொறுத்தவரை பாதுகாப்பு பூஜ்யம்.

அந்த பூஜ்யத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் எவ்வளவு திகைத்திருப்பார்கள் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். அரசாங்கம் பல ஆண்டுகளாக நாடெங்கும் போட்டுக்கொண்டிருந்த ஊசி அது. மறைத்திருக்கலாம், இழுத்தடித்திருக்கலாம், ஏதேனும் ஒரு மூலையில் சாதகமாகத் தெரிந்த எண்ணை முன்னே நிறுத்தியிருக்கலாம். அவர்கள் 1979இல் அதை உள்ளபடியே உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார்கள். 15 ஆண்டு முடிவையும் பின்னர், 1999இல், வெளியிட்டார்கள். அந்த பூஜ்யத்திலிருந்துதான் கேள்விகள் பிறந்தன. நம் மண்ணிலும் நீரிலும் இயல்பாக இருக்கும், காசநோய்க் கிருமியின் பங்காளிகளான தீங்கற்ற கிருமிகள், ஊசிக்கு முன்பே நம் உடலைப் பழக்கி வைத்துவிடுகின்றனவா? நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அதன் பலன் குறைவது ஏன்? சிறு குழந்தைகளை மூளைக் காய்ச்சலாக மாறும் காசநோயிலிருந்து காக்கும் அதே ஊசி, பெரியவர்களின் நுரையீரலை ஏன் காப்பதில்லை? இன்றைக்கும் பச்சைக் குழந்தைகளுக்கு அதைப் போடுவது முன்னதற்காகத்தான். உங்கள் அம்மான் முப்பது ஆண்டுகள் மல்லாடிய கேள்வி, நான் ஊகிக்கிற அளவில், இந்த பூஜ்யத்தின் வாரிசாகத்தான் இருக்கும்.

ஆகவே 2009–2015 என்று தலைப்பிட்டு ஒரு முழுப் பக்கம் விடுங்கள். நிரப்பாதீர்கள். அதாவது, கட்டுரைகளால் நிரப்பாதீர்கள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எதை எதிர்பார்த்தார், எத்தனை எலிகள், எந்த இடத்தில் இது நடக்காது என்று தெரிந்தது, தெரிந்த பிறகும் எத்தனை மாதம் விடாமல் செய்தார், யார் யார் உடனிருந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர் மறுபடியும் சிரித்து மழுப்புவார். அந்தச் சிரிப்பை நான் அறிவேன். எட்டணாவைத் தொலைத்த பையன் அதைப் போன்ற ஒரு முகத்தோடுதான் நின்றான். அவசரப்படாமல் இரண்டாம் முறையும் கேளுங்கள். அந்த ஆண்டுகளில் அவருக்குக் கீழே படித்த மாணவர்களில் ஒருவர் முனைவர் பட்டம் பெறாமலே போயிருக்கவும் கூடும். இருந்தால் அவரையும் தேடிப் பிடித்து மணிவிழாவுக்கு அழையுங்கள், உறவினர் வரிசையில் உட்கார வையுங்கள். குறிப்பேட்டின் ஒரு பக்கத்தையாவது, கோடு போட்டு அடித்ததோடு, படம் எடுத்து மலரில் போடுங்கள்.

பட்டியல் தமிழிலா ஆங்கிலத்திலா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். கட்டுரைத் தலைப்புகள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், தேடி எடுப்பவருக்கு அதுதான் பயன்படும். ஒவ்வொன்றின் கீழும் அதில் என்ன கண்டார் என்பதை அவர் உங்கள் ஆயாவுக்குச் சொல்வதுபோல் ஒரு வரி தமிழில் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். 38 வரிதானே, ஒரு சாயங்காலம் போதும். மலர் அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். நான் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பேன்.

அன்புடன்.