டிரெட்மில் வாங்கும் முன் பூங்காவுக்கு விளக்குப் போடுங்கள்

கேள்வி: திருச்சியில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் நான். எங்கள் காலனியில் சுமார் 200 வீடுகள். சர்க்கரை, பிரஷர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பூங்காவில் உடற்பயிற்சிக் கருவிகள் வைத்தார்கள். முதல் மாதம் நல்ல கூட்டம். இப்போது காலையில் வழக்கமாக நடக்கும் சில ஆண்கள் மட்டும்தான் வருகிறார்கள். சங்கத்தில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. சமுதாயக் கூடத்தில் இரண்டு டிரெட்மில் போட்டு ஜிம் ஆரம்பிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டிரெட்மில் வந்தால் அதில் ஏறப்போவதும் அதே ஆண்கள்தான். நீங்கள் யோசிக்க வேண்டியது வராதவர்களைப் பற்றி. கருவி இருந்தும் அவர்கள் வரவில்லை என்றால், தடை வேறெங்கோ இருக்கிறது.

அவர்களில் பெரும்பாலோர் பெண்களாகத்தான் இருப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் பெண்களில் 57 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 42 சதவீதம் பேருக்கும் உடலுக்குத் தேவையான அளவு உழைப்பு இல்லை. இதைச் சோம்பல் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். காலை ஐந்தரை முதல் எட்டரை வரை சமையல், டிபன் பாக்ஸ், தண்ணீர் பிடிப்பது, பிள்ளைகளைக் கிளப்புவது என்று ஓடுகிறவரைப் பார்த்து, ‘காலையில் எழுந்து நடங்கள்’ என்று சொல்லி என்ன பயன்? அவருக்கு நேரம் கிடைப்பது பத்தரை மணிக்கு மேல். அப்போது பூங்காக் கேட் பூட்டியிருக்கும், வெயிலும் ஏறியிருக்கும். விட்டால் இரவு ஏழரைக்கு மேல். அப்போது விளக்கு எரியாது, தெருநாய் பயம் வேறு.

அதனால் முதல் வேலை, கேட்பது. சங்கத்தில் உள்ள பெண்கள் இரண்டு மூன்று பேர் வீடு வீடாகப் போய், ‘எந்த நேரத்தில் உங்களால் வர முடியும், எது தடுக்கிறது?’ என்று மட்டும் கேட்கட்டும். கழிப்பறை இல்லை, பெஞ்சு முழுக்க ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், முட்டி வலிக்கிறது, தனியாக நடக்கக் கூச்சமாக இருக்கிறது, நடைபாதையில் வண்டி நிற்கிறது என்று பதில் வரும். இவற்றில் பலவற்றை டிரெட்மில் விலையில் ஒரு பங்கைக் கொண்டே சரிசெய்துவிடலாம். விளக்குக்கும் நாய்களுக்கும் மாநகராட்சியில் சங்கத்தின் பெயரில் மனு கொடுங்கள். பூங்கா நேரத்தை இரவு ஒன்பது வரை நீட்டிக்கக் கேளுங்கள்.

இப்படிச் செய்தால் ஜனங்கள் வருவார்களா என்று சந்தேகம் வரலாம். சென்னை திருமங்கலத்தில் உள்ள ஆசியாட் காலனியில் நடந்ததைச் சொல்கிறேன். 1990-களின் பிற்பகுதியில், டாக்டர் மோகன் தலைமையிலான நீரிழிவு ஆய்வுக் குழுவினர் அங்கே கணக்கெடுத்தபோது, வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14 சதவீதம்தான். ஆய்வாளர்கள் உடலுழைப்பின் பயனை எடுத்துச் சொல்ல, காலனிக்காரர்களே பணம் போட்டு நடப்பதற்கு ஒரு பூங்கா அமைத்தார்கள். ஏழு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்த 14 சதவீதம் ஏறக்குறைய 59 ஆகியிருந்தது. தங்கள் இடம், தங்கள் பணம், தங்கள் முடிவு என்ற உரிமைதான் அந்த மாற்றத்தை நிலைக்க வைத்தது என்று நான் நம்புகிறேன். உங்கள் சங்கத்திடம் இருக்கும் பெரிய பலமும் அதுதான்.

அடுத்து, துணை. நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரியுங்கள். ஒரே தெரு, ஒரே நேரம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் சேர்ந்து நடப்பது சர்க்கரைக்காரர்களுக்கு ரொம்ப நல்லது. சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரை அதில் ஓரளவு அடங்கும்.

எவ்வளவு நடக்க வேண்டும்? பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுதான் மிதமான வேகம். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்றில்லை. குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை 2020-இல் எடுத்துவிட்டார்கள். காய்கறிக் கடைக்கு வேகமாக நடந்து போய் வருவதும், மூச்சு வாங்க வீடு துடைப்பதும் கணக்கில் சேரும். தினம் பத்தாயிரம் அடி என்ற இலக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது 1960-களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து பரவியது. அதற்குக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு.

மாடிக் குடியிருப்புகள் இருந்தால் படிக்கட்டை மறக்காதீர்கள். 1953-இல் ஜெர்ரி மாரிஸ் குழுவினர் லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தார்கள். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. படிக்கட்டில் வெள்ளையடித்து, பல்பு மாட்டி, அங்கே கிடக்கும் பழைய சாமான்களை அகற்றுங்கள். லிஃப்ட் பக்கத்தில், ‘இரண்டு மாடிதானே, ஏறலாமே’ என்று ஒரு பலகை வையுங்கள். சின்ன விஷயம்போலத் தெரியும். இப்படிப் பலகை வைத்த பல இடங்களில் படியேறுபவர்கள் கூடியிருக்கிறார்கள். முட்டி வலிக்காரர்களுக்கு லிஃப்ட் இருக்கட்டும்.

அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு நடை மட்டும் போதாது. விழாமல் இருக்க, வாரம் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது போன்றவை. மாதம் ஒரு முறை பிசியோதெரபிஸ்ட் ஒருவரை வரவழைத்துச் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள். சங்கப் பணத்தை இதற்குத் தாராளமாகச் செலவிடலாம்.

ஆரம்பிக்கும் முன் சிலவற்றில் கவனம் தேவை. நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருக்கட்டும். பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது; வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் ஒன்றையும் நடையை ஆரம்பிக்கும் வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் இதைச் செய்யுங்கள். அதன் பிறகும் வீடுகளிலிருந்து, குறிப்பாகப் பெண்களிடமிருந்து, டிரெட்மில் வேண்டும் என்று கேட்டு வந்தால், அப்போது ஒன்று வாங்குங்கள்.