குதிரையை விற்க முயலும்போது, வாங்க வருபவர்கள் ஏன் இவ்வளவு பொறுமையைச் சோதிக்கிறார்கள்? பேரம் பேசக் கற்றுக்கொண்டால் இது சரியாகுமா?

உங்கள் கேள்வியைப் படித்தவுடன், நீங்கள் குதிரை வியாபாரி இல்லை என்பது புரிந்துவிட்டது. வியாபாரிக்கு இந்தக் கேள்வியே எழாது. காலையில் வாங்கியதை மாலையில் கைமாற்றிவிட்டு அவர் அடுத்த சந்தைக்குப் போய்விடுவார். ஆசைக்காக ஒன்றோ இரண்டோ குதிரை வளர்த்து, இடமோ பணமோ பார்த்துக்கொள்ள ஆளோ இல்லாமற்போனதால் விற்க வேண்டிய நிலைக்கு வந்தவர் நீங்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். விளம்பரம் செய்து ஒரு மாதமாகியும் அழைப்புகள்தாம் வருகின்றன, ஆள் வந்தாலும் காரியம் முடிவதில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். பேரம் பேசக் கற்றுக்கொள்வதால் இது தீராது என்பதே என் கருத்து. வாங்க வருபவர் அந்தக் குதிரை தனக்கு எதற்காக வேண்டும் என்பதைக் கடைசிவரை சொல்லாமல் வைத்திருக்கிறாரே, தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

நான் ஈரோடு மாவட்டத்துக்காரன். அந்தியூர் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவன். வீட்டில் எப்போதும் மார்வாரி, கத்தியவார் இனக் குதிரைகளில் ஒன்றிரண்டு நின்றுகொண்டிருக்கும். குட்டி வளர்ந்து இடம் போதாமல் போகும்போது ஒன்றை விற்போம். அவ்வளவுதான் எங்கள் விற்பனை. விற்பவர்கள் எல்லாரும் அரிச்சந்திரர்களா என்று இங்கே யாரேனும் கேட்கக்கூடும். இல்லை. நொண்டும் குதிரைக்கு வலி மருந்து கொடுத்து அன்று ஒரு நாள் மட்டும் நேராக நடக்கவிடுபவர்களையும், கிழட்டுக் குதிரையின் பல்லை அரத்தால் ராவி இளமை காட்டுபவர்களையும் நான் அறிவேன். அதனால்தான் வாங்குபவர் பல்லைப் பார்ப்பதையோ குளம்பைத் தூக்கிப் பார்ப்பதையோ நான் ஒருபோதும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்து பார்த்தால் எனக்கும் மகிழ்ச்சியே.

ஆனால் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. எங்கள் பக்கத்தில் மாடு வாங்கிப் பழகியவர்கள் அதிகம் என்பதால், மாட்டுக்குப் பார்ப்பதைப் போலவே குதிரைக்கும் பல் பார்ப்பார்கள். மாட்டுக்குக் கீழ்த்தாடையில் எட்டு முன்பற்கள் விழுந்து முளைத்தால்தான் கடை சேர்ந்தது, அதாவது வாய் நிறைந்து முழு வயதுக்கு வந்தது என்போம். குதிரைக்குக் கீழே ஆறுதான். இரண்டரை வயதில் இரண்டு, மூன்றரையில் நான்கு, நாலரையில் ஆறு என்று நிலைப்பற்கள் முளைத்து, ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். நான் விற்கவிருந்த செவலைப் பெட்டையின் உதட்டைப் பிரித்துப் பார்த்த ஒருவர், "ஆறு பல்லுதானுங்க, இன்னும் கடை சேரலையே, வேலைக்கு ஆகாதே" என்று விலையைக் குறைத்தார். அதே வாரத்தில் வந்த இன்னொருவர், மேல்தாடையிலும் முன்பல் இருப்பதைக் கண்டு ஏதோ வயோதிகத்தின் அடையாளம் என்று நினைத்து முகம் சுளித்தார். மாட்டுக்கு மேலே முன்பல்லே கிடையாது என்பதால் வந்த சந்தேகம் அது. ஐந்து வயதுக் குதிரை ஒரே வாரத்தில் குட்டியாகவும் கிழமாகவும் ஆகிவிட்டது.

உயரமும் அப்படித்தான். 62 அங்குலத்துக்குக் குறைந்தால் வேண்டாம் என்று தொலைபேசியிலேயே அடித்துச் சொல்வார்கள். குதிரையின் உயரத்தை, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில்தான் அளக்க வேண்டும். ஒருவர் தையற்கார நாடாவைக் கொண்டுவந்து அதன் காது நுனியிலிருந்து தொங்கவிட்டார். மார்வாரிக் குதிரையின் காது உள்நோக்கி வளைந்து நுனிகள் தொட்டுக்கொள்ளும். அதை நிமிர்த்திப் பிடித்து அளந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அது தலையை ஒரு சிலுப்பு சிலுப்பியதில் நாடா சாணத்தில் விழுந்தது. 'முரட்டுக் குதிரை' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவர்களெல்லாம் எரிச்சலூட்டுபவர்களே தவிரக் கெடுதல் செய்பவர்கள் இல்லை. ராஜஸ்தானின் புஷ்கர் சந்தையிலும் மகாராஷ்டிரத்தின் சாரங்கேடா சந்தையிலும் குதிரைகளுக்குக் கேட்கும் விலையைக் காணொளியில் பார்த்துவிட்டு, ஒருநாள் நம்மைக் கோடீசுவரனாக நினைத்தும் மறுநாள் நம் குதிரையை ஆட்டுவிலைக்குக் கேட்டும் பேசுபவர்களும், குதிரைமேல் உட்கார்ந்து ரீல்ஸ் எடுத்துக்கொள்வதற்காகவே வாங்க வந்தவர் போல நடிக்கும் இளைஞர்களும் அந்த வகையில்தான் சேர்த்தி.

என்னை உண்மையிலேயே நோகடித்தவர் வேறொருவர். பக்கத்து ஊர் ஒன்றில் வசதியான குடும்பத்தைச் சேர்ந்தவர். பெயரும் ஊரும் தேவையில்லை. மகள் குதிரையேற்றம் பழக வேண்டும், அதற்காக நல்ல சாதுவான பெட்டையாகத் தேடுகிறேன் என்றார். என் செவலை அதற்கென்றே பிறந்தது போல இருக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதன் வயிற்றுக்குக் கீழே புகுந்து வருவார்கள். வரச் சொன்னேன். மகளைத் தவிர மற்ற எல்லாரும் வந்தார்கள். உடன் ஒரு தரகர், சுழி பார்க்கும் ஒரு பெரியவர், இரண்டு கார் நிறைய உறவினர்கள். அப்போதே எனக்குச் சற்று உறுத்தியது. ஆனால் நம் பக்கத்தில் ஒரு சேலை எடுக்கப் போனாலும் பத்துப் பேர் போவதுதான் வழக்கம் என்பதால் பொருட்படுத்தவில்லை.

பெரியவர் குதிரையை நெற்றியிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தார். கழுத்தின் முன்புறம் இறங்கும் நீண்ட சுழியை ராஜஸ்தான்காரர்கள் தேவ்மான் என்று சொல்லி அதிர்ஷ்டமாகக் கருதுவார்கள்; அது என் குதிரைக்கு இருந்தது. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இடது கண்ணுக்குக் கீழே மயிர் லேசாகத் திரும்பியிருந்த ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அது கண்ணீர் வரவழைக்கும் சுழி என்றார். பிறகு கால்களைப் பார்த்தார். முகத்தில் வெள்ளையும் நான்கு கால்களிலும் வெள்ளையும் இருந்தால் பஞ்சகல்யாணி. என் குதிரைக்கு முகமும் மூன்று கால்களும் வெள்ளை. நாலாவது காலும் வெளுத்திருந்தால் இன்னும் ஐம்பதாயிரம் சேர்த்தே கொடுக்கலாம் என்று அவர் வருத்தப்பட்ட விதத்தைப் பார்த்தால், அந்தக் காலுக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் விட்டது என் குற்றம் போல இருந்தது. சுழியில் நம்பிக்கை உள்ளவர்களை நான் இகழவில்லை. என் பாட்டனாரும் பார்த்தவர்தான். நம்பிக்கை வேறு, அதை விலை குறைக்கும் கருவியாக்குவது வேறு. கெட்ட சுழி என்று உண்மையாகவே நம்புகிறவர் இலவசமாகக் கொடுத்தாலும் ஓட்டிச்செல்ல மாட்டார். இவர்களோ இருபதாயிரம் குறைத்தால் சுழி சரியாகிவிடும் என்றார்கள்.

தரகர் துண்டை விரித்தார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி, ஒரு வழியாக 1,60,000 ரூபாய்க்கு முடிந்தது. பத்தாயிரம் அச்சாரம் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை நல்ல நாள், வண்டியோடு வருகிறோம் என்று சொல்லிப் போனார்கள்.

அந்த வெள்ளியும் போயிற்று, அடுத்த வெள்ளியும் போயிற்று. அச்சாரம் வாங்கிய குதிரையை வேறு யாருக்கும் காட்டக்கூடாது என்பதால், இடையில் கர்நாடகத்திலிருந்து அழைத்த ஒருவரை நானே வேண்டாம் என்று அனுப்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வியே கிளாண்டர்ஸ் பரிசோதனை செய்திருக்கிறதா என்பதுதான். குதிரைகளைத் தாக்கி, மனிதர்களுக்கும் தொற்றக்கூடிய, தடுப்பூசி இல்லாத பாக்டீரியா நோய் அது. உறுதியானால் குதிரையைக் கொல்வதைத் தவிர வழியில்லை. அதற்கான இரத்தப் பரிசோதனை முறைகளை உருவாக்கியதில் ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு போகிறவர்கள் இந்தச் சான்றைக் கேட்பது முறை. நான் பரிசோதனை செய்து சான்று வைத்திருந்தேன். இதே சான்றை உள்ளூரில் வந்தவர்களிடம் நானாக எடுத்துக் காட்டியபோது, "அப்ப உங்க குதிரைக்கு அந்த நோய் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் பின்வாங்கியவர்கள் உண்டு. மறைத்தால் திருடன், காட்டினால் நோயாளி.

அச்சாரம் கொடுத்தவர் ஒருநாள் அழைத்தார். குதிரையை எப்போது ஓட்டிச்செல்வது என்று பேசப்போகிறார் என நினைத்தேன். அவர் கேட்டது இது: "பேண்டு வாத்தியம், வெடிச் சத்தத்துக்கெல்லாம் மிரளாதுங்களே?" அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மகளும் இல்லை, குதிரையேற்றமும் இல்லை. வீட்டில் ஒரு திருமணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வேண்டும். அது முடிந்த பிறகு மற்ற திருமணங்களுக்கு வாடகைக்கு விட்டுப் போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்பது திட்டம். வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்து, டிராக்டர் சத்தத்துக்குமேல் எதையும் கேட்டறியாத குதிரை அது. குதிரை வேட்டை விலங்குகளுக்குப் பயந்து ஓடிப் பிழைத்த இனம். பழக்கப்படுத்தாத குதிரையின் காலடியில் சரவெடியைக் கொளுத்தினால், மேலே இருக்கும் மாப்பிள்ளையையும் முன்னால் ஆடும் பிள்ளைகளையும் அது பார்க்காது. பழக்க வேண்டுமென்றால் தூரத்துச் சத்தத்தில் தொடங்கி, தீனி கொடுத்தபடியே சிறிது சிறிதாக அருகில் கொண்டுவர வேண்டும். அதற்கு மாதங்கள் பிடிக்கும். இதை அவரிடம் பொறுமையாகவே சொன்னேன். முதல் நாளே உண்மையான காரணத்தைச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் இது உங்களுக்கு ஆகாது என்று சொல்லி, ஊர்வலத்துக்குப் பழகிய குதிரை வைத்திருப்பவரையும் காட்டிவிட்டிருப்பேன்.

அதைச் சொன்னால் நான் விலையை ஏற்றிவிடுவேன் என்று தரகர் எச்சரித்திருந்தாராம்.

அச்சாரத்தைத் திருப்பிக் கேட்டார்கள். வாங்குபவர் பின்வாங்கினால் அச்சாரம் போனதுதான் என்பது சந்தை வழக்கம். இருந்தும் நின்ற நாட்களின் தீனிச் செலவை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். கழித்தது தவறு என்று சிலர் சொல்லலாம். கொள்ளும் கோதுமைத் தவிடும் விற்கிற விலையில் அவர்கள் ஒரு மாதம் குதிரை வைத்துப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிலில் அவரைப் பற்றி எழுதியிருக்கவே மாட்டேன். குதிரைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் என் செவலையின் படத்தைப் போட்டு, கண்ணுக்குக் கீழே சுழியுள்ள குதிரை, ஏமாற வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரும் கொட்டிலுக்குள் நுழைந்ததும் நேராக இடது கண்ணைத்தான் பார்த்தார்கள். நடையைப் பார்க்கவில்லை, குளம்பைத் தொடவில்லை.

கடைசியில் அதை வாங்கியவர் உடுமலைப் பக்கத்துத் தோட்டக்காரர். தனியாக வந்தார். குதிரையைத் தொடுவதற்கு முன்பே, "இப்ப என்ன தீனி போடறீங்க, எத்தனை வேளைங்க?" என்று கேட்டார். குதிரை வாந்தி எடுக்க முடியாத விலங்கு. தீனியைத் திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வந்து ஒரே இரவில் செத்தும் போகும். அதை அறிந்தவர்தான் அந்தக் கேள்வியை முதலில் கேட்பார். பிறகு என்னையே குதிரையைப் பிடித்துக்கொண்டு கெட்டித் தரையில் நேராக ஓடச் சொன்னார். முன்காலில் நொண்டல் இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது குதிரை தலையை மேலே தூக்கும் என்பதால் தலையையே கவனித்துக்கொண்டிருந்தார். எதற்காக வாங்குகிறார் என்று நான் கேட்டபோது, மாலையில் தோட்டத்தைச் சுற்றிவர என்றார். விலையில் அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. முதலில் பேசியதைவிடக் குறைவாகத்தான் கொடுத்தேன். புதுத் தீனிக்கு மெல்ல மாற்றுவதற்காக எங்கள் தவிட்டில் ஒரு மூட்டையைக் காசு கொடுத்து வாங்கிப் போனார்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது இதுதான். தொலைபேசியில் விலை கேட்பவரிடம் விலையைச் சொல்லிவிடுங்கள். அதை மறைப்பதால் பயனில்லை. சொன்ன கையோடு, யார் ஏறப்போகிறார், எங்கே கட்டப்போகிறார், இதற்கு முன் குதிரை வைத்திருந்தாரா என்று கேளுங்கள். விற்பவன் எதற்குக் கேள்வி கேட்கிறான் என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் ஆறே கால் லட்சமாக இருந்த நாட்டின் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019இல் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. குதிரையே இப்படிக் குறைந்துவிட்ட நாட்டில், கோபித்துக்கொண்டு போகிறவர் வேறெங்காவது தேடிக்கொள்ளட்டும். முதலில் நீங்களே ஏறிக் காட்டாமல் எவரையும் ஏறவிடாதீர்கள். அச்சாரம் வாங்கினால், எந்தத் தேதிக்குள் ஓட்டிச்செல்ல வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்குத் தீனிக்கு எவ்வளவு, விலகினால் எவ்வளவு கழியும், எதற்காக வாங்குகிறார் என்ற நான்கையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நாலாவதை எழுதத் தயங்குபவரிடம் அச்சாரம் வாங்க வேண்டாம்.

அவசரமில்லை என்றால் ஆடி மாதம் வரை வைத்திருந்து அந்தியூருக்கே கொண்டுவாருங்கள். அங்கும் இதே ஆட்கள்தாம் வருவார்கள். பக்கத்தில் வரிசையாக வேறு குதிரைகளும் நிற்பதால், உங்கள் குதிரையின் சுழியோடு மட்டும் நாள் முழுவதும் மல்லுக்கட்ட அவர்களுக்கு நேரமிருக்காது.